மேடையில் ஒரு மா மூட்டை

அத்தியாயம் 17

றக்வானையைத் தாண்டி மேமலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில், ஒரு வளைவில் பஸ் ஒன்று பழுதாகிக் குறுக்கே நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு லொறி, இரண்டு முச்சக்கரவண்டிகள், அவற்றுக்கும் பின்னால் டொக்டர் தர்மிளாவின் கார்.

தர்மிளா மறுபடியும் கைப்பேசியை எடுத்தாள். தம்பி மனைவி விஜயகலா, வீட்டில் எல்லாருக்கும் கலா, பதில் சொல்லவில்லை. காலையிலிருந்தே சொல்லவில்லை.

போனில் சொல்கிற செய்தியும் அல்ல அது. மாமியாரின் முணுமுணுப்பைக் காதில் வாங்காமல், மகள் சஷ்மிதாவைத் தூக்கிக்கொண்டு, பஸ் மாறிப் பஸ் ஏறி, கலா தர்மிளாவின் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததைப் போன வாரங்களில் பார்த்தோம். பிள்ளைக்கு ஆறு வயது. பார்த்தால் நாலு என்பார்கள். வயிறு மட்டும் முன்னே தள்ளியிருக்கும். கையும் காலும் ஈர்க்குச்சி.

ரத்தம் எடுத்தார்கள். மயக்கம் கொடுத்து, வாய் வழியே மெல்லிய குழாய் விட்டு, சிறுகுடலிலிருந்து துளித் துளியாகச் சதை எடுத்தார்கள். அந்த முடிவு நேற்று வந்தது.

தர்மிளா சந்தேகித்ததுதான். சீலியாக்.

கோதுமையில் இருக்கும் ஒரு புரதம் சிலருடைய உடம்புக்கு ஆகாது. அது உள்ளே போனால் உடம்பு எதிரியை அடிப்பதாக நினைத்துத் தன் குடலையே அடித்துச் சிதைக்கும். அப்புறம் எதைச் சாப்பிட்டாலும் ஒட்டாது. பாலும் ஒட்டாது, முட்டையும் ஒட்டாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை பட்டினி கிடப்பதுபோலத்தான் தெரியும். பட்டினி போடுகிறவள் யார்? தாய்தானே!

முதலில் வீட்டுக்குப் போய்க் கலாவைத் தனியாக உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் விடிவதற்கு முன்பே புறப்பட்டாள் தர்மிளா. பஸ் காரியத்தைக் கெடுத்தது.

கைப்பேசி அடித்தது. தோட்டக் கம்பனியின் நலத்திட்ட அதிகாரி நிரோஷா.

"மெடம், எங்க வாறீங்க? துரை வந்துட்டாரு, உங்க புரொபசர் வந்துட்டாரு. சனமெல்லாம் கதிரையில உட்கார்ந்தாச்சு. நீங்கதானே பிரதம விருந்தாளி!"

"வந்துகிட்டே இருக்கேன். வீட்டுக்கு ஒருக்கா போயிட்டு…"

"ஐயோ, நேரமில்ல மெடம். நேரா ஹோலுக்கே வந்துருங்க. உங்க அம்மாவும் முன் வரிசையிலதான் இருக்காங்க."

பஸ்ஸைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். கார் நேரே தோட்டப் பாடசாலை மண்டபத்துக்குப் போனது.

*

வாசலில் மாலை போட்டார்கள். மேமலைத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இதே பாடசாலையில் படித்து, வயிற்று வைத்திய நிபுணராகிக் கொழும்பு வரைக்கும் பெயர் வாங்கியவள் அல்லவா! ஒலிபெருக்கியில் "எங்கள் மண்ணின் மகள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

மேடையின் பின்சீலையில் பெரிய எழுத்தில் இருந்தது: 'நல்ல தாய், நல்ல தோட்டம்.'

தர்மிளாவுக்கு அதைப் படித்ததுமே என்னவோபோல் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தாள். உட்காரக் காரணம் இருந்தது. மேசையில் நீல நிறக் கோப்பு ஒன்று இருந்தது. சப்ரகமுவத் தோட்டங்கள் முழுக்கப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சீலியாக்குக்காகப் பரிசோதிக்க, கம்பனியின் அறக்கட்டளை இரண்டு வருடத்துக்கு வாகனமும் மருந்துப் பொருளும் தருவதாக ஒப்பந்தம். விழா முடிவில் கையெழுத்து. பக்கத்துக் கதிரையில் பேராசிரியர், பேனாவைச் சட்டைப் பையில் செருகித் தயாராக இருந்தார்.

இதே பேராசிரியர்தான், அவள் இங்கிலாந்தில் பயிற்சி முடித்துத் திரும்பிய புதிதில், சிரித்துக்கொண்டே சொன்னவர்: "சீலியாக்கா? அது வெள்ளைக்காரர்களின் வியாதி, தர்மிளா. மிஞ்சிப்போனால் பஞ்சாபிகளுக்கு வரும். நாம் சோறு சாப்பிடுகிறவர்கள்."

நாம் என்றால் யார் சேர் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். லயத்தில் காலையில் ரொட்டி. தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் பொதியிலும் ரொட்டி. இரவில் அரிசி இருந்தால் சோறு, இல்லாவிட்டால் மறுபடியும் ரொட்டி. கோதுமை மாவைத் தின்றே தலைமுறைகளாக உயிர் வாழும் ஒரு சனம் இந்த நாட்டின் மலைகளில் இருப்பது, அன்று அவரோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அப்புறம் லீவு நாட்களிலெல்லாம் ஐஸ் பெட்டியோடு அலைந்தாள். தெரணியகலை, பலாங்கொடை, றக்வானை என்று தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி ரத்தம் எடுத்தாள். தன் சம்பளத்தில் பரிசோதித்தாள். "தோட்டத்துச் சனத்துக்கு ரத்தச் சோகை வருவது அறியாமையால்" என்று எழுதி அவளுடைய முதல் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்ததை வெளிநாட்டு இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அச்சில் வந்தபோது பேராசிரியரின் பெயர் முதலாவதாக இருந்தது. அவளுடைய பெயர் மூன்றாவது.

அதையும் விழுங்கினாள். வேலை நடந்தால் போதும் என்று இருந்தாள்.

முன் வரிசையில் அம்மா ஜெயம்மா, தர்மிளா தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த மயில்கழுத்துச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அப்பா வேலுசாமி. கலாவைத்தான் காணவில்லை.

*

முதலில் எடை சரியாக இருக்கும் பிள்ளைகளின் தாய்மாருக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கைதட்டல்.

பிறகு நிரோஷா மைக்கில் சொன்னாள்: "அடுத்தது, எடை குறைஞ்ச பிள்ளைகளோட அம்மாமார். பேர் வாசிக்கிறேன். பிள்ளையோட முன்னுக்கு வந்து வரிசையா நில்லுங்க."

பின்னாலிருந்து ஏழெட்டுப் பெண்கள் தலையைக் குனிந்தபடி வந்தார்கள். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களால் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். கடைசியாக, சஷ்மிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கலா வந்தாள்.

தர்மிளா கதிரை விளிம்புக்கு நகர்ந்தாள்.

தோட்டத்து மனேஜரான துரை எழுந்து சிங்களத்தில் பேசினார். நிரோஷா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"கம்பனி சம்பளம் தருகிறது. கிளினிக் வைத்திருக்கிறது. வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகப் பிள்ளைக் காம்பரா வைத்திருக்கிறது. எல்லாம் இருந்தும் இந்தப் பிள்ளைகள் ஏன் இப்படி? ஒரே தண்ணீர், ஒரே காற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளை வளர்கிறது, இது வளரவில்லை. ஏன்? தாய்க்கு அக்கறை இல்லை. போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். நாடகம் பார்ப்பதைக் குறையுங்கள். பிள்ளைக்கு ஊட்டுங்கள்."

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். யாரோ கைப்பேசியில் படம் பிடித்தார்கள். வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் அழத் தொடங்கினாள். அவளுடைய பிள்ளை அவள் கன்னத்தைத் தடவிவிட்டது.

தர்மிளா பேராசிரியரின் பக்கம் சாய்ந்தாள். "சேர், இது என்ன வேலை? இப்படி நிக்க வைக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவர்களுடைய விழா, தர்மிளா. கொஞ்சம் பொறு. கையெழுத்து முடியட்டும்" என்றார் அவர் மெல்லிய குரலில்.

"இந்தத் தாய்மாருக்கும் கம்பனி வெறுங்கையோட அனுப்பாது" என்றாள் நிரோஷா. "ஆளுக்கு அஞ்சு கிலோ கோதுமை மா. எங்க பிரதம விருந்தாளி டொக்டர் மெடம் தன் கையால குடுப்பாங்க."

தர்மிளா எழுந்தாள். கால்கள் தாமாகவே நடந்தன. முதல் பையை யாரோ அவள் கையில் வைத்தார்கள். முதல் பெண் வாங்கினாள். இரண்டாவது பெண் வாங்கினாள். ஒருத்தியும் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பைக்கும் கேமரா மின்னியது.

கடைசிப் பையோடு கலாவின் முன்னால் வந்து நின்றாள்.

ஐந்து கிலோ கோதுமை மா. இந்தப் பிள்ளையின் குடலைத் துண்டு துண்டாக எடுத்து, நுண்நோக்கிக் கண்ணாடியின் கீழே வைத்து, அது எப்படிச் சிதைந்திருக்கிறது என்று நேற்றுத் தன் கண்ணால் பார்த்தவள் அவள். இன்றைக்குத் தன் கையாலேயே இதைக் கொடுக்க வேண்டும்!

"மெடம், கொஞ்சம் இந்தப் பக்கம் பார்த்துச் சிரிங்க" என்றான் படம் எடுப்பவன்.

தர்மிளா மா மூட்டையை மேடையிலேயே கீழே வைத்தாள்.

கலாவின் காதருகே குனிந்தாள். "கலா, ரிசல்ட் வந்திருச்சு. சஷ்மிக்கு நான் சந்தேகப்பட்ட அந்த நோய்தான். சாப்பாட்டை மாத்தினா தேறிருவா. உன் மேல ஒரு பிழையும் இல்ல. வீட்டுல வந்து சொல்லணும்னுதான் இருந்தேன்."

கலா நிமிர்ந்தாள். பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இது உன் புள்ளையோட விசயம். நீ சரின்னாத்தான் நான் வெளியில சொல்லலாம். இங்க சொல்லவா, வேணாமா?"

கலா மண்டபத்தைப் பார்த்தாள். சிரித்த முகங்களைப் பார்த்தாள். முன் வரிசையில் இருந்த மாமியாரைப் பார்த்தாள்.

"சொல்லுங்க அண்ணி. மைக்கிலயே சொல்லுங்க. என்னைய மைக்கிலதானே வந்து நிக்கச் சொன்னாங்க!"

*

தர்மிளா நிரோஷாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். சனத்தின் பக்கம் திரும்பினாள்.

"இது என் தம்பி பொண்டாட்டி. இது என் தம்பி மக. இந்தப் புள்ளைக்குச் சீலியாக்னு ஒரு நோய் இருக்கு. கோதுமை மா பட்டா இவ குடல் புண்ணாகிப் போகும். தாய் எவ்வளவு ஊட்டினாலும் உடம்புல ஒட்டாது. ரொட்டியும் பாணும் பிஸ்கட்டும் நின்னாத்தான் இவ வளருவா. இந்தத் தாய்க்கு நீங்க தாற உதவி என்ன? அஞ்சு கிலோ கோதுமை மா!"

"மொகத மே, டொக்டர்?" என்றார் துரை எழுந்து. என்ன இது என்று கேட்கும் அந்தக் குரலில் அதட்டல் இருந்தது. "கோதுமை மா நஞ்சு என்கிறீர்களா? நாளைக்கு இந்தத் தோட்டத்தில் ஒருவரும் மா வாங்கமாட்டார்கள். அப்புறம் யார் பொறுப்பு?"

அவள் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். பிறகு சனங்களுக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"நஞ்சுன்னு நான் சொல்லல. மத்தவங்க தாராளமா சாப்பிடலாம். இந்த நோய் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் ஆகாது. ரத்தத்தைப் பார்த்தாத்தான் யாருக்கு இருக்குன்னு தெரியும். ரத்தம் பார்க்காம ஒருத்தரும் ரொட்டிய நிப்பாட்டிற வேணாம். இதை எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க."

வரிசையில் நின்ற பெண்களைக் கையால் காட்டினாள்.

"இங்க நிக்கிற மத்தப் புள்ளைங்களுக்கும் இந்த நோய்தான்னு நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. பூச்சியா இருக்கலாம். குடிக்கிற தண்ணியா இருக்கலாம். வயித்துல புள்ளையோட கொழுந்து எடுத்த தாய்க்கு ரத்தம் இல்லாம, புள்ள பொறக்கும்போதே எடை கொறஞ்சு பொறந்திருக்கலாம். அரிசி வாங்கக் காணாத சம்பளமா இருக்கலாம். எனக்குத் தெரியாது. துரைக்கும் தெரியாது. தெரியாம எப்படிச் சேர் இவங்களை இங்க நிக்க வச்சீங்க? எந்த டொக்டர் பார்த்துச் சொன்னாரு, இவங்களுக்கு அக்கறை இல்லன்னு?"

அழுதுகொண்டிருந்த சின்னப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப எங்க புள்ளைங்களையும் பாப்பீங்களாங்க டொக்டர்?" என்று கேட்டாள்.

தர்மிளா மேசையைத் திரும்பிப் பார்த்தாள். துரையின் பக்கத்தில் இருந்த கம்பனிக்காரர் நீலக் கோப்பை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பேன்" என்றாள் தர்மிளா. எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

*

பேராசிரியர் தன் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"பத்து வருட உழைப்பை ஒரு மைக்கில் போட்டு உடைத்துவிட்டாய், தர்மிளா. அஞ்சு நிமிஷம் பொறுத்திருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும்."

"அந்த அஞ்சு நிமிஷமும் அவங்கதானே சேர் அங்க நிக்கணும்?"

"உணர்ச்சிவசப்படுகிறாய். ஆராய்ச்சி செய்கிறவளுக்கு அது ஆகாது."

"நாங்க சோறு சாப்பிடுற ஆளுங்கன்னு சொல்லி என் முதல் வேலையைச் சிரிச்சுத் தள்ளினீங்களே, அது என்ன சேர், ஆராய்ச்சியா? அதை வாங்கிக்கிட்டேன். என் கட்டுரையில உங்க பேர் முன்னால போச்சு. அதையும் வாங்கிக்கிட்டேன். இதை வாங்கிக்க ஏலாது."

அவர் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வாகனம் இறங்கிப் போனது.

நிரோஷா பின்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. "மெடம், என்னைய மட்டும் தப்பா நினைக்காதீங்க. மேல இருந்து எழுதித் தந்ததை வாசிச்சேன். உங்க தம்பி வைஃப் பேரை நான் லிஸ்டுல இருந்து எடுக்கத்தான் பார்த்தேன். நீங்க வாறீங்கன்னு எனக்குத் தெரியும்தானே."

"பின்ன ஏன் எடுக்கல?"

"உங்க அம்மாதான் போன கிழமை ஆபிசுக்கு வந்து சொன்னாங்க. மருமக புள்ளைக்கு ஒழுங்கா சாப்பாடு குடுக்கிறதில்ல, நாலு பேருக்கு முன்னால சொன்னாத்தான் திருந்துவான்னு."

*

கணக்கப்பிள்ளைக் குவார்ட்டஸில் மழை தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. தம்பி சுதாகரன் இந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வீடும் தோட்டத்து வீடு.

தர்மிளா உள்ளே நுழைந்தபோது அவன் கைப்பேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் கத்தினான்.

"திங்கக்கிழமை ஆபிசுக்கு வரச் சொல்லிட்டாங்க! வீட்டு விசயமும் பேசணுமாம். என்ன பேசுவாங்க? வெளிய போடான்னுதான் பேசுவாங்க! நீங்க பேசிட்டுக் காரேறிப் போயிருவீங்க அக்கா. நாங்கல்ல இங்க கிடக்கணும்!"

அதில் இருந்த நியாயம் அவளைச் சுட்டது. ஆனாலும் விடவில்லை.

"சரிடா. நான் போயிருவேன். உன் பொண்டாட்டியைக் கொண்டுபோய் நிக்க வச்சாங்களே, அப்ப நீ எங்க இருந்த?"

"பின்னால… கதிரை போட்டுக்கிட்டு இருந்தேன்."

"பார்த்தியா?"

சுதாகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளறையில் கலா ஒரு பைக்குள் சஷ்மிதாவின் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தது வாசல் வழியே தெரிந்தது. பலாங்கொடைப் பக்கத்தில் அவளுடைய தாய்வீடு.

"அம்மா" என்றாள் தர்மிளா. "ஆபிசுல போய்க் கலாவைப் பத்திச் சொன்னது நீதானா?"

ஜெயம்மா மயில்கழுத்துச் சேலையை இன்னும் மாற்றவில்லை. "ஆமா, சொன்னேன். பொய்யா சொன்னேன்? புள்ள ரொட்டி வேணாங்குது, இவளும் சரி வேணாம்னு விட்டுர்றா. இப்படியா புள்ள வளக்கிறது? இவ மலைக்குப் போனப்பொறகு நான்தான் மடியில போட்டு, வாயப் பிடிச்சு, தேத்தண்ணில நனைச்சு நனைச்சு ஊட்டுவேன்."

உள்ளறையில் மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"மாமி, நான் இல்லாத நேரத்துல ரொட்டி ஊட்டினீங்களா?" கலா வாசலுக்கு வந்தாள். "நான் வேலையால வந்து பார்த்தா தினமும் வயிறு ஊதிக் கிடப்பா. வாந்தி எடுப்பா. என்னடி தின்னேன்னு கேட்டா பயந்துபோய் வாயைத் திறக்கமாட்டா. நான் சோறு மட்டும் குடுத்த நாளெல்லாம் சிரிச்சுக்கிட்டு இருப்பா. அதைச் சொன்னப்ப, சோம்பேறிக்குச் சாக்கு ஒன்னு கிடைச்சிருச்சுன்னு என்னையப் பேசினீங்க!"

"நான் நல்லதுக்குத்தான்டி…"

"என்னைய நாலு பேருக்கு முன்னால நிக்க வச்சதும் நல்லதுக்கா?"

ஜெயம்மா மகளைப் பார்த்தாள், அவள் தன் பக்கம் பேசுவாள் என்பதுபோல. தர்மிளா கலாவின் பக்கம் போய் நின்றாள்.

"இந்த மாதிரி நோயெல்லாம் நம்ம பக்கத்துல இல்ல. இவ பக்கத்து ரத்தம்" என்றாள் ஜெயம்மா, குரல் இறங்கி.

"எந்தப் பக்கம்னு யாராலயும் சொல்ல ஏலாது அம்மா. இது ரத்த உறவுல ஓடும். நம்ம எல்லாருமே ரத்தம் பார்க்கணும். தம்பி, நீ, அப்பா, நான், எல்லாரும்."

மூலையில் இருமிக்கொண்டிருந்த வேலுசாமி அப்போதுதான் பேசினார்.

"நம்ம ராணிக்கும் இந்த மாதிரிதானே வயிறு இருந்திச்சு."

ஜெயம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

ராணி, தர்மிளாவுக்கு அடுத்துப் பிறந்த தங்கை. நாலு வயதில் போய்விட்டாள். இந்த வீட்டில் அவள் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. மாந்தம் என்றார்கள், தோஷம் என்றார்கள். கடைசியில், தாய் கவனிக்கவில்லை என்று முடித்தார்கள். அன்றைய தோட்டத்து மருந்துக்காரர் ஜெயம்மாவைப் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பிரியும் சனம் முழுக்கப் பார்க்க, "புள்ளையக் கொன்ன பொம்பளை இவதான்" என்று சொன்னார். சிறுமியாக இருந்த தர்மிளா அம்மாவின் சேலையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. குனிந்து கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

ஜெயம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அவளும் ரொட்டி வேணாம்னுதான் சொல்லுவா" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "அடிச்சு ஊட்டினேன். எல்லாரும் பேசுறாங்களேன்னு அடிச்சு ஊட்டினேன்."

"அம்மா…"

"தர்மிளா, நீ டொக்டர். பொய் சொல்லாத. ராணிக்கும் இதுதானா?"

தர்மிளா அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஆமாம் என்று சொல்வது எளிது. ஆனால் அந்தப் பிள்ளையின் ஒரு துளி ரத்தம்கூட உலகத்தில் இல்லை. எதை வைத்துச் சொல்வது?

"தெரியலம்மா. இருக்கலாம். இனி ஒருத்தராலயும் அதைக் கண்டுபிடிக்க ஏலாது. ஆனா ஒன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். நீ அவளைப் பட்டினி போடல. நீ அவளைக் கொல்லல. அப்படிச் சொன்னவன் அவ வயித்தைத் தொட்டுக்கூடப் பார்க்கல. அதை நான் என் கண்ணால பார்த்தேன்."

ஜெயம்மா அழுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. இத்தனை வருடம் தன்மேலேயே திருப்பி வைத்திருந்த கோபம் முதல் தடவையாகத் திசை மாறியதுபோல் இருந்தது.

"பாவி! பார்க்காமலேயா சொன்னான்? பார்க்காமலேயா என்னைய அம்புட்டுச் சனத்துக்கு முன்னால…" கலாவைப் பார்த்தாள். "அதையே நானும் இவளுக்குச் செஞ்சிருக்கேனே!"

கலா அசையாமல் வாசலிலேயே நின்றாள்.

ஜெயம்மா எழுந்தாள். மகனைப் பார்த்துச் சொன்னாள்: "திங்கக்கிழமை ஆபிசுக்கு நானும் வாரேன்."

"நீ எதுக்கம்மா? இருக்கிற வேலையும் போயிரும்!"

"பெரட்டுக் களத்துல வாயைத் திறக்காம நின்னவ நான். இனி நிக்கமாட்டேன். மருமகளைப் பத்திப் பொய்யா சொன்னது நான்தான்னு துரை முகத்தைப் பார்த்துச் சொல்லணும். அவரு எங்களை என்ன கேக்கணுமோ கேக்கட்டும். நாங்களும் கேக்க வேண்டியது இருக்கு."

சுதாகரன் அக்காவைப் பார்த்தான். கண்ணில் பயம் இருந்தது. அதற்குள்ளே வெட்கமும் இருந்தது.

"நானும் இருப்பேன்" என்றாள் தர்மிளா. "லீவு போட்டுக்கிறேன்."

ஜெயம்மா மருமகளின் பக்கம் திரும்பினாள். கையை நீட்டவும் துணியவில்லை. "நீயும் வாறியாம்மா?"

கலா உள்ளே போய் மிச்சமிருந்த ஒரு சட்டையை எடுத்துப் பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினாள்.

"வாரேன் மாமி. என் புள்ளைக்காக வாரேன்" என்றாள். "ஆனா நான் உங்களை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்கிட்டு வராதீங்க."

பிறகு கணவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை வரைக்கும்தான் இந்த வீட்டுல இருப்பேன். நீங்க அங்க ஆபிசுல வாயைத் திறக்கிறீங்களா, பின்னால போய்க் கதிரை போடுறீங்களான்னு பார்த்துட்டுத்தான் மிச்சத்தை முடிவெடுப்பேன்."